கெடு தாண்டிய நிலம்

தலைப்பில் ‘கிரயப் பத்திரம்’ என்றுதான் இருந்தது. நான்கெல்லை விவரத்துக்கு முன்னால் ஒரு ஷரத்து. ‘மேற்படி கிரயத் தொகை ரூபாய் 8,000-ஐ இன்று முதல் ஐந்து வருஷக் கெடுவுக்குள் நான் செலுத்தும் பட்சத்தில் மேற்படி சொத்தைத் தாங்கள் எனக்கே திரும்பக் கிரயம் செய்துகொடுக்க வேண்டியது, தவறினால் இதுவே சாசுவதக் கிரயமாக இருக்க வேண்டியது.’ எழுதிய வருஷம் 1978. கெடு 1983இல் முடிந்துவிட்டது. எழுதிக்கொடுத்தவரின் மகனும் மனைவியும் அந்தப் பத்திரத்தின் நகலோடு என்னிடம் வந்தது 1997இல்.

காவிரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நன்செய். பணம் கொடுத்தவர் அதே ஊரில் நெல் மண்டி வைத்திருந்தவர். பத்திரம் எழுதிய பிறகும் உழுதது, நட்டது, அறுத்தது எல்லாம் இவர்கள்தான். குத்தகை என்ற பெயரில் ஆண்டுதோறும் நெல் அளந்தார்கள். அந்தப் பக்கம் புதிதாகச் சாலை வருகிறது என்று பேச்சு அடிபட்டதும் மண்டிக்காரர் நிலத்தை வேறொருவருக்கு விலைபேசிவிட்டார். இவர்களைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸும் அனுப்பினார்.

“கெடு தாண்டிப் பதினாலு வருஷம் ஆச்சு சார். எழுத்துப்படி பார்த்தா நெலம் போனது போனதுதானே?” என்றார் மகன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும், “எழுத்து என்னவோ இருக்கட்டும் தம்பி. நாங்க வாங்கினது கடன். ஊருக்கே தெரியும்” என்றார்.

வழக்கு முழுவதும் அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. கடன் என்றால் நிலம் வெறும் ஈடு. கெடு தாண்டினாலும் மீட்கலாம். கிரயம் என்றால் திரும்ப வாங்கும் சலுகைக்குக் கெடுதான் உயிர். ஒரு நாள் தவறினாலும் சலுகை போய்விடும். மாவட்ட முன்சீஃப் கோர்ட்டில் மீட்பு வழக்கு போட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட மூத்தவர், நன்றாகப் படித்தவர். சுற்றி வளைக்காமல் பேசினார். ஐந்து வருஷம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டபின் கோர்ட் அதை இருபது வருஷமாக நீட்ட முடியுமா? முடியாது என்று லண்டன் பிரிவி கவுன்சிலே நம் சென்னை மாகாண வழக்கில் சொல்லியிருக்கிறது என்று 1870ஆம் ஆண்டின் பட்டாபிராமய்யர் எதிர் வெங்கடராவ் நாயக்கர் தீர்ப்பை எடுத்து வாசித்தார். கெடு வைத்த கிரயத்தை எழுதியபடியே அமல்படுத்துவதுதான் இந்த மாகாணத்தின் பழைய சட்டம், இங்கிலாந்தின் மீட்புரிமைக் கொள்கையை இங்கே கொண்டுவந்து புகுத்தக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். முன்சீஃப் என்னைப் பார்த்தார். “சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆவது பிரிவு இருக்கிறது, தெரியும். அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று சொல்லுங்கள்” என்றார். அடுத்த வாய்தாவுக்கு நான் கொண்டுபோனது ராஷ்பிகாரி கோஷின் அடமானச் சட்ட நூலும், மீட்புரிமையின் வரலாற்றைப் பற்றி டர்னர் எழுதிய 1931ஆம் ஆண்டுப் புத்தகமும். அன்று நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நிலத்தை ஈடு வைப்பதைப் பற்றிக் கோர்ட் வழக்கமாகவே எழுதிவைத்த முதல் நூல், இரண்டாம் ஹென்றியின் தலைமை நீதி அதிகாரியாக இருந்த கிளான்வில் பெயரால் வழங்குகிறது. 1187 முதல் 1189 வரைக்குள் எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் கடன் வாங்குபவர் நிலத்தையே கடன் கொடுப்பவர் கையில் ஒப்படைத்துவிடுவார். நூல் இரண்டு வகை சொல்கிறது. ஒன்றில், நிலத்தின் விளைச்சல் கடனில் கழியும். வருஷம் போகப் போக அசல் குறையும். மற்றதில் விளைச்சல் முழுக்கக் கடன் கொடுத்தவருக்கு, அசல் அப்படியே நிற்கும். நம் ஊர்ப் போக்கியம் இந்த இரண்டாவது வகைதான். இது வட்டிக்குச் சமம், பாவம் என்று நூல் கண்டிக்கிறது. ஆனால் அரசனின் கோர்ட் தடுக்கவில்லை. அப்படி நிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கடன் கொடுத்தவர் செத்துப்போனால் வட்டிக்காரர் செத்ததாகக் கொண்டு, அவருடைய அசையும் சொத்தை அரசன் எடுத்துக்கொள்வான். உயிரோடிருக்கும்வரை வாங்கலாம், செத்தால் அரண்மனைக்கு என்ற அந்த ஏற்பாட்டில் ஏழைக்கு ஒரு பலனும் இல்லை.

கடன் கொடுத்தவருக்கும் பாதுகாப்புக் குறைவுதான். ஈட்டு நிலத்திலிருந்து அவரை யாராவது விரட்டிவிட்டால், நிலத்தைத் திரும்ப வாங்கித்தர அரசனின் கோர்ட் முன்வராது. கடனைக் கேட்டு வழக்குப் போடு என்று சொல்லிவிடும். பின்னால் வந்த நானூறு ஆண்டுக் கொடுமைக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து. ஈடாக வாங்கினால் பாதுகாப்பில்லை என்றதும் கடன் கொடுப்பவர்கள் முழு உரிமையையே எழுதி வாங்க ஆரம்பித்தார்கள்.

இடையில் யூத வணிகர்களின் கடன்கள் தனி வழியில் போயின. 1190இல் யார்க் நகரில் யூதர்கள் கொல்லப்பட்டபோது, கும்பல் அங்கிருந்து நேராகப் பேராலயத்துக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. கொலைக்குப் பின்னால் இருந்த கணக்கு என்ன என்பது அதிலேயே தெரிகிறது. யூதர்களிடமிருந்து தனக்கு வரவேண்டிய வருமானம் அந்தத் தீயில் போனது அரசனை உறுத்தியது. 1194இல் புதிய ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு கடன் பத்திரமும் இரண்டு பிரதியாக எழுதப்பட வேண்டும். ஒன்று நகரத்தின் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கிறிஸ்தவரும் யூதருமாகச் சிலர் சாவிகளை வைத்திருக்க வேண்டும். பத்திரப் பதிவின் ஒரு பழைய வடிவம் இது. 1275இல் யூதர்கள் வட்டி வாங்குவது தடைசெய்யப்பட்டது. 1290இல் முதலாம் எட்வர்ட் அவர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினான்.

பதினைந்தாம் நூற்றாண்டுக்கு வந்தால் நீதிபதி தாமஸ் லிட்டில்டனின் நில உரிமை நூல் கிடைக்கிறது. 1481இல் அவர் இறந்தார். அந்தச் சமயத்தை ஒட்டியே நூல் அச்சேறியது. அவர் விவரிக்கும் அடமானம் என் கட்சிக்காரரின் பத்திரமேதான். நிலம் முழு உரிமையோடு கடன் கொடுத்தவருக்கு மாறும். குறித்த நாளில் பணம் கொடுத்தால் எழுதிக்கொடுத்தவர் திரும்ப நுழையலாம். கொடுக்கத் தவறினால் நிலம் என்றென்றைக்கும் போய்விடும்.

‘குறித்த நாள்’ என்பதை அந்தக் காலத்துக் கோர்ட்டுகள் எப்படிப் பார்த்தன என்பதை நான் முன்சீஃபிடம் விரிவாகச் சொன்னேன். பணத்தைச் சூரியன் மறைவதற்கு முன், எண்ணி முடிப்பதற்குப் போதுமான வெளிச்சம் இருக்கும்போது நீட்டியாக வேண்டும். பத்திரத்தில் இடம் குறிப்பிடவில்லையென்றால், கடன் கொடுத்தவர் இங்கிலாந்துக்குள் எங்கே இருந்தாலும் தேடிப்போய்க் கொடுக்க வேண்டியது வாங்கியவரின் பொறுப்பு. அதனால் லிட்டில்டன் யோசனை சொல்கிறார்: இடத்தையும் நேரத்தையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அவர் காட்டும் உதாரணம் லண்டனில் உள்ள புனித பால் பேராலயம். அதற்குள்ளும் வடக்கு வாசல் சிலுவையருகே, அல்லது புனித எர்கன்வால்டின் கல்லறையருகே என்று குறித்துவிடச் சொல்கிறார். பணப்பையோடு ஒருவன் கல்லறைப் பக்கத்தில் நின்று கடன் கொடுத்தவனுக்காகக் காத்திருக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். ஆற்றில் வெள்ளம் வந்து வண்டி நின்றுபோனாலும், வழியில் கொள்ளைக்காரர்கள் பறித்துக்கொண்டாலும், சட்டத்துக்கு அவன் தவறியவன்தான். நூறு பவுன் கடனுக்கு ஆயிரம் பவுன் நிலம் அந்த அந்தியோடு கைமாறும்.

அப்படி நிலத்தை இழந்தவர்கள் சான்சரி எனப்பட்ட அரசனின் சான்சலர் மன்றத்துக்கு மனு எழுதினார்கள். சான்சலர் சட்டப் புத்தகத்தைவிட மனசாட்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கடமைப்பட்டவர். முதலில் விபத்து, மோசடி, கடன் கொடுத்தவர் வேண்டுமென்றே ஒளிந்துகொண்டது போன்ற காரணங்களுக்கு மட்டும் கைகொடுத்தார்கள். பிறகு சிறிது சிறிதாக, தனிக் காரணம் எதுவுமில்லாமலே, அசலும் வட்டியும் செலவும் கட்டினால் கெடு தாண்டியும் நிலத்தைத் திருப்பித்தர உத்தரவிட ஆரம்பித்தார்கள். 1625ஆம் ஆண்டு இம்மானுவேல் கல்லூரி எதிர் எவன்ஸ் வழக்கை அந்த உரிமைக்கான முதல் தீர்ப்புகளில் ஒன்றாக நூல்கள் காட்டுகின்றன.

ஏன் அந்தக் காலத்தில் வந்தது? எனக்குத் தெரிந்து இரண்டு காரணம் முக்கியம். முதலாவது, மன்றங்களுக்குள் நடந்த மோதல். பொதுச் சட்ட நீதிபதிகளின் தலைவரான எட்வர்ட் கோக், தங்கள் தீர்ப்பில் சான்சரி தலையிடக் கூடாது என்று நின்றார். சான்சலர் எல்ஸ்மியர் விட்டுக்கொடுக்கவில்லை. 1616இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சான்சரியின் பக்கம் முடிவு சொன்னார். அந்த முடிவு இல்லாமல் போயிருந்தால் மீட்புரிமை என்ற ஒன்றே வளர்ந்திருக்காது. இரண்டாவது காரணம் வட்டி. 1545இல் எட்டாம் ஹென்றி 10 சதவீதம் வரை வட்டிக்கு இடம் கொடுத்தார். 1552இல் அதை எடுத்துவிட்டார்கள். 1571இல் எலிசபெத் ஆட்சியில் திரும்ப வந்தது. 1624இல் உச்சவரம்பு 8 சதவீதம், பிறகு 6, 1714இல் 5. வட்டியை வெளிப்படையாக வாங்க வழி வந்தபிறகு, நிலத்தை விழுங்குவதற்குக் கடன் கொடுத்தவரிடம் என்ன நியாயம் மிஞ்சுகிறது? அவருடைய பணம் வட்டியோடு வந்துவிட்டால் அவருக்கு நஷ்டம் இல்லையே.

எல்லாரும் இதைக் கொண்டாடவில்லை. நேர்மைக்குப் பெயர் பெற்ற நீதிபதி மேத்யூ ஹேல், 1672ஆம் ஆண்டு ரோஸ்காரிக் எதிர் பார்ட்டன் வழக்கில், சான்சரி கருணைமேல் கருணையாக அடுக்கிக்கொண்டே போய்ப் பொதுச் சட்டத்தின் இதயத்தையே தின்றுவிட்டது என்ற பொருளில் வருந்தினார். எதிர்த்தரப்பு வக்கீல் பேசியதும் ஏறக்குறைய இதுதான். எழுதியதற்கு மதிப்பில்லை என்றால் யார் கடன் கொடுப்பார்கள் என்ற கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. சான்சரியும் அலட்சியப்படுத்தவில்லை. 1628இலேயே அதற்கு விடை வந்துவிட்டது. கடன் கொடுத்தவர் மன்றத்துக்கு வரட்டும். கடைசியாக ஓர் அவகாசம் கொடுப்போம். அதற்குள்ளும் கட்டவில்லையென்றால் மீட்கும் உரிமையை மன்றமே அடைத்துவிடும். நிலத்தை எடுக்கும் அதிகாரம் பத்திரத்தின் தேதியிடமிருந்து நீதிமன்றத்துக்கு வந்தது இப்படித்தான்.

நாட்டிங்ஹாம் பிரபு சான்சரியில் அமர்ந்திருந்த காலத்தில் இந்தக் கட்டடம் முழுமை பெற்றது. 1675ஆம் ஆண்டு தார்ன்பரோ எதிர் பேக்கர் வழக்கில் ஒரு கேள்வி வந்தது. கடன் கொடுத்தவர் இறந்துவிட்டார். அடமானப் பணம் யாருக்கு? நிலத்துக்கு வாரிசானவருக்கா, பணத்தையும் பொருளையும் பிரித்துக்கொடுக்கும் நிர்வாகிக்கா? நிர்வாகிக்கு என்றார் அவர். கேட்க வாரிசுத் தகராறு போலத் தெரிந்தாலும், என் வழக்குக்கு இதைவிட உதவிய தீர்ப்பு வேறில்லை. கடன் கொடுத்தவர் கையில் உண்மையில் இருப்பது நிலம் இல்லை, பணம். நிலம் அதற்குப் பிணை. ஆறேழு ஆண்டுகள் கழித்து ஹோவர்ட் எதிர் ஹாரிஸ் வழக்கில், கடன் வாங்கியவரும் அவருடைய நேர் ஆண் வாரிசும் மட்டுமே மீட்கலாம் என்ற ஷரத்து செல்லாது என்றானது. மீட்கும் உரிமையைக் குறுக்கும் எந்த ஷரத்தும், கையெழுத்துப் போட்டிருந்தாலும், நிற்காது.

ஏன் நிற்காது என்பதற்கு 1762இல் வெர்னன் எதிர் பெத்தல் வழக்கில் நார்திங்டன் பிரபு சொன்ன காரணத்தை நான் தமிழிலேயே முன்சீஃபிடம் சொன்னேன். பணமுடையில் நிற்பவன் சுதந்திரமாகக் கையெழுத்துப் போடுவதில்லை; அந்த நேரத்து நெருக்கடி தீர எதை நீட்டினாலும் போட்டுவிடுவான். இதற்கு முன்பே, 1738இல், ஹார்ட்விக் பிரபு இந்த உரிமை வெறும் சலுகை இல்லை, நிலத்தின்மேல் உள்ள சொத்துரிமையே என்று தீர்த்திருந்தார். அதை விற்கலாம், உயில் எழுதலாம், மறுபடி ஈடும் வைக்கலாம். சென்னையில் வீட்டின் தாய்ப்பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்குகிறோமே, அந்த வழக்கமும் 1783ஆம் ஆண்டு ரஸல் எதிர் ரஸல் தீர்ப்பிலிருந்து கிளைத்ததுதான்.

இங்கிலாந்து அப்படி. ஆனால் அதே லண்டனில் உட்கார்ந்திருந்த பிரிவி கவுன்சில் தஞ்சாவூர்க் குடியானவனுக்கு வேறு விதி சொன்னது. வங்காளத்தில் 1806ஆம் ஆண்டின் 17ஆம் ரெகுலேஷன், கெடு வைத்த கிரயத்தை மீட்க ஓராண்டு அவகாசம் கொடுத்தது. நம் மாகாணத்தில் அவதிக் கிரயம் எனப்பட்ட கெடு வைத்த கிரயங்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. 1858 முதல் சென்னை சதர் கோர்ட் தானாகவே மீட்புரிமையை ஏற்றுத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது. 1870இல் பிரிவி கவுன்சில் அதைத் தவறு என்றது. 1875இல் தம்புசாமி முதலி எதிர் ஹுசைன் ராவுத்தர் வழக்கிலும் அதையே உறுதிசெய்துவிட்டு, இதைச் சட்டமன்றம் சீர்படுத்துவது நல்லது என்று வழிகாட்டியது. ஏழு ஆண்டில், 1882இல், சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. 58ஆவது பிரிவு நிபந்தனைக் கிரயத்தையும் ஒருவகை அடமானம் என்றது. 60ஆவது பிரிவு மீட்கும் உரிமையைக் கொடுத்தது. அதற்குப் பிறகு எழுதிய பத்திரத்துக்கு 1870ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீட்டுவது செல்லாது என்று என் வாதத்தை முடித்தேன். முன்சீஃப் அதைக் குறித்துக்கொண்டார்.

சட்டம் இப்படி என்றாலும் இது கடன்தான் என்று நான் நிரூபித்தாக வேண்டும். 1954இல் சுன்சுன் ஜா வழக்கிலும் பின்னர் பாஸ்கர் வாமன் ஜோஷி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. விலை நியாயமானதா, சுவாதீனம் யாரிடம், பட்டா மாறியதா, தரப்பினர் எப்படி நடந்துகொண்டார்கள். அதே வருஷம் பக்கத்து வயல் இதே அளவு 22,000 ரூபாய்க்கு விற்றிருந்ததற்குச் சார்பதிவாளர் அலுவலக நகல் போட்டேன். கிஸ்தி ரசீதுகள் எல்லாம் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்தன; 1980 வரை கர்ணம் கையெழுத்து, அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து.

வழக்கைத் தீர்த்தது எதிர்த்தரப்பே தாக்கல் செய்த பேரேடு. குத்தகை பாக்கியைக் காட்டுவதற்காகக் கொண்டுவந்தார்கள். நான் ராத்திரி முழுக்க அதன் நகலை வைத்துக் கணக்குப் போட்டேன். அளந்த நெல் ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு. நெல் விலை ஏறிய வருஷம் குறைவான மூட்டை, இறங்கிய வருஷம் கூடுதல் மூட்டை. ஆனால் வரவு வைத்த தொகை எல்லா வருஷமும் ஒன்றே: 960 ரூபாய். 8,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டால் வருஷத்துக்கு வருவது அதே 960.

கூண்டில் மண்டிக்காரரிடம் நெல் விலையைத் தனியாகவும் மூட்டையைத் தனியாகவும் கேட்டு, ஒவ்வொரு வருஷமாகப் பெருக்கச் சொன்னேன். மூன்றாவது வருஷத்தில் நிறுத்திவிட்டார்.

“எல்லாம் ஒரே தொகையா இருக்கே, எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“அதான் பேசினது” என்றார்.

“குத்தகையாப் பேசினதா, ரூபா வட்டியாப் பேசினதா?”

அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை முன்சீஃப் அப்படியே சாட்சியத்தில் பதிவுசெய்தார்.

2001இல் தீர்ப்பு வந்தது. பத்திரம் நிபந்தனைக் கிரய அடமானம் என்றும், கெடு முடிந்த 1983இலிருந்து 30 ஆண்டுக் காலவரம்புக்குள் வழக்கு வந்திருக்கிறது என்றும், 8,000 ரூபாயும் நின்றுபோன வட்டியும் ஆறு மாதத்துக்குள் கோர்ட்டில் கட்டினால் நிலத்தைத் திருப்பி எழுதிக்கொடுக்க வேண்டும் என்றும் முதல்நிலைத் தீர்ப்பாணை. மகன் ஒரே மாதத்தில் கட்டினார். சப் கோர்ட்டில் போட்ட மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இதைப் படிப்பவர்களில் நிலத்தை வைத்துக் கைமாற்று வாங்குகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. 1929இல் 58ஆவது பிரிவில் ஒரு வாசகம் சேர்த்தார்கள். திருப்பித்தரும் நிபந்தனை கிரயம் எழுதிய அதே பத்திரத்துக்குள் இருந்தால்தான் அது அடமானம் ஆகும். கிரயத்தை ஒரு பத்திரமாகவும், ‘பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறேன்’ என்பதைத் தனி ஒப்பந்தமாகவும் எழுதினால், ஒரே நாளில் ஒரே மேசையில் எழுதியிருந்தாலும், அது கிரயம்தான். அந்தக் குடும்பத்தின் பத்திரத்தில் ஷரத்து உள்ளேயே இருந்தது; அதனால்தான் மீட்க முடிந்தது. எந்த அவசரத்தில் இருந்தாலும், எவ்வளவு வேண்டியவர் நீட்டினாலும், அந்த வரி எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.